மாட்டு அறிவித்தலில் ஒரு சட்டத்தரணி

ஓர் உண்மையை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சட்டக் கல்லூரியில் எனக்கு அதிகப் புள்ளி கிடைத்த பாடம், சட்டத்தரணிகளுக்கான நடத்தை விதிகள். மற்றப் பாடங்களில் தட்டுத்தடுமாறிக் கரையேறியவன், அந்த ஒன்றில் மட்டும் புலி. சட்டத்தரணி விளம்பரம் செய்யக் கூடாது, ஆள் வைத்துக் கட்சிக்காரர்களைப் பிடிக்கக் கூடாது, பெயர்ப்பலகை கண்ணைப் பறிக்கும் அளவில் இருக்கக் கூடாது என்றெல்லாம் வரி பிசகாமல் ஒப்புவிப்பேன். அப்படிப்பட்ட நான், சத்தியப் பிரமாணம் செய்து ஆறு மாதம் முடிவதற்குள் அதே விதிகளை மீறியதாக ஒழுக்காற்று விசாரணைக்குப் போனேன். அதுவும் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோவில் ஊர் ஊராகச் சென்று மீறியதாக.

எங்கள் கரையோரத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நான் கல்முனையில் பிறந்து வளர்ந்தவன். பெருநாள் கழிந்த மறுவாரம், இரண்டு சூட்கேஸ், ஒரு கறுப்புக் கோட்டு, ஒரு மேசை விசிறி சகிதம் நிந்தவூரில் என் மனைவி சிஃபாவின் வீட்டில் குடியேறினேன். வீடு அவள் பெயரில் இருந்தது. வாசல் கேற், அவளுடைய வாப்பா தெரிவுசெய்த நீல நிறத்தில் இருந்தது. அந்த வீட்டுக்கு என் பங்காக நான் கொண்டுபோன ஒரே பெறுமதியான பொருள் 'லோயர்' என்ற பட்டம். அந்தப் பட்டத்தை மாமா, அதாவது சிஃபாவின் வாப்பா, என்னைவிட அதிகமாக நேசித்தார். தெருவில் யாராவது மருமகனின் சுகம் விசாரித்தால், "ஓம், லோயர் நல்லா இரிக்காரு" என்பார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டரிடம் போய், "லோயருக்கு உடம்பு சுடுது" என்றுதான் சொன்னார். (என் பெயர் முனாஸ் என்பது அவருக்குத் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம் இருந்தது. பின்னால் அது எவ்வளவு நன்றாகத் தெரியும் என்று ஊருக்கே காட்டினார்.)

மாமா ஒரு வட்டவிதானை. ஒரு வயல் வட்டையில் வெள்ளாமை செய்கிற விவசாயிகள் கூடித் தெரிவுசெய்யும் பொறுப்பாளர். எந்த வாய்க்காலுக்கு எப்போது தண்ணீர் வரும், எந்த வரம்பை யார் கட்டுவது, விதைப்புக்கு முன் எந்தத் திகதிக்குள் மாடுகளை வயலிலிருந்து அகற்றுவது எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். நீண்ட காலம் அந்த வேலையைப் பார்த்ததில் அவருக்கு ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருந்தது. ஒலிபெருக்கியில் சொல்லாத எதுவும் ஊரில் நடந்ததாக ஆகாது என்பதே அது.

அவருடைய ஒலிபெருக்கி, மஜீது காக்கா; காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோ அவருடையது. மாமா எழுதிக் கொடுப்பார், மஜீது காக்கா தன் கனத்த குரலில் பதிவுசெய்து, பென் டிரைவில் ஏற்றி, தெருத் தெருவாகப் போடுவார். மரணச் செய்தி சொல்லும் ஜனாஸா அறிவித்தலுக்கும் இதே குரல்தான். ஆகவே அவர் குரல் எழும்பினால் ஊரே கைவேலையை நிறுத்திவிட்டு, யார் மௌத்து என்று காது கொடுத்துக் கேட்கும். இந்தத் தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதமாக நீலக் கேற்றில் என் பெயர்ப்பலகை தொங்கியது. விதிகளின் மேல் எனக்கிருந்த பக்தியில், அனுமதிக்கப்பட்ட அளவைவிடச் சிறியதாகவே செய்திருந்தேன். ஒருநாள் தபால்காரர் கிட்ட வந்து குனிந்து பார்த்துவிட்டு, இது மின்சார மீட்டர் இலக்கமா என்று சிஃபாவிடம் கேட்டார். வந்த கட்சிக்காரர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் மாமியின் தம்பி. மாமா தினமும் கேற்றடியில் கதிரை போட்டு உட்கார்ந்து, வெறும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். எனக்காக ஒரு மனிதர் இப்படிக் கவலைப்படுகிறாரே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒருநாள் பகல் சாப்பாட்டில் அவர் தொடங்கினார்.

"மருமகன், உங்கள ஆக்களுக்குத் தெரியல்ல. அதான் ஒருத்தரும் வாராங்கல்ல."

"லோயர்மாரு விளம்பரம் செய்யக் கூடாது மாமா. அது விதி."

"விளம்பரம் வேற, அறிவித்தல் வேற. விளம்பரம் எண்டா சாமான் விக்கிற. அறிவித்தல் எண்டா உள்ளதச் சொல்ற."

"ரெண்டும் ஒண்டுதான் மாமா."

"அப்ப நான் இவ்வளவு காலமும் மாட்டுக்கு விளம்பரமா செஞ்ச?"

பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நான் அப்போது சோற்றில் ஊற்றிய விளைமீன் ஆணத்தில் ஒரு முள்ளோடு போராடிக்கொண்டிருந்தேன். "ம்" என்றேன். (அந்த 'ம்' சம்மதமா, முள்ளா என்று பிற்பாடு கொழும்பில் அரை மணித்தியாலம் ஆராயப்பட்டது.)

அடுத்த திங்கட்கிழமை காலை, தலையில் சவுக்காரம் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தேன். மஜீது காக்காவின் குரல் தூரத்தில் எழும்பியது. யார் மௌத்தோ என்று தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். சகல மாட்டுச் சொந்தக்காரர்களுக்கும் வட்டவிதானை அறியத் தருவதாவது. எதிர்வரும் வெள்ளிக்கிழமைக்கு முன்னர் உங்கள் மாடுகளை வட்டையிலிருந்து அகற்றிவிட வேண்டும். தவறினால் மாடுகள் பிடிக்கப்பட்டு, சொந்தக்காரர் மீது வழக்குத் தொடரப்படும். வழக்குத் தொடரப்பட்டவர்கள் எவ்விதப் பயமுமின்றி, வட்டவிதானையின் மருமகன் சட்டத்தரணி முனாஸ் அவர்களை நாடலாம். நீல நிறக் கேற்."

குளியலறைக் கதவு தட்டப்பட்டது. சிஃபா எட்டாம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிற ஆசிரியை. எந்த அதிர்ச்சியிலும் நிதானமாக விடையை எழுதிவிடுவாள்.

"வழக்குப் போடுற வாப்பா. வழக்குப் பேசுற நீங்க. தீர்ப்பையும் உம்மாட்ட குடுத்தா எல்லாம் வீட்டுக்குள்ளயே முடிஞ்சிரும்."

சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சவுக்காரத் தலையோடு ஓட்டோவைத் துரத்தி ஓடினேன். நான் மெதுவாக ஓடக்கூடியவன். அறிவித்தல் ஓட்டோவும் மெதுவாகத்தான் போகும். ஆகவே இந்தத் துரத்தல் பள்ளிவாசல் சந்தியிலிருந்து பிரதான வீதி வரை, அனைவரும் ஆறுதலாகப் பார்த்து ரசிக்கும் வேகத்தில் நடந்தது. அக்கரைப்பற்று பஸ் ஒன்று எனக்காக வேகத்தைக் குறைத்தது. பிரதான வீதியில் மஜீது காக்கா என்னைக் கண்டு பதிவை நிறுத்திவிட்டு, கையில் மைக்கோடு இறங்கி வந்தார்.

"என்ன லோயர், தலையில சவுக்காரம்?"

"காக்கா, நிப்பாட்டுங்க. இது பெரிய குத்தம். என்ட லைசன்ஸ் போயிரும். நான் லோயர் இல்லாம ஆகிருவன்."

அவர் கையிலிருந்த மைக் திறந்தே இருந்ததை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. கடைகளுக்கு வெளியே வந்து நின்ற சனத்தின் முகங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அன்று மாலைக்குள், வட்டவிதானையின் மருமகன் பெரிய குற்றம் ஒன்றில் மாட்டிக்கொண்டார் என்ற செய்தி கல்முனையில் என் உம்மா வரை போய்ச் சேர்ந்தது.

அடுத்த நாள் காலை கல்முனைக்கு ஓடி, என் சீனியர் ஸ்டெல்லா மேடத்தின் முன் நின்றேன். ஸ்டெல்லா மேடம் பாண்டிருப்புப் பக்கம் வீடு, ஞாயிறு தவறாமல் கோயில், மற்ற நாட்களில் நீதிமன்றம் என்று வாழ்கிறவர். யாராவது அழுதால்கூட முதலில் திகதி கேட்பார். முழுவதையும் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"முனாஸ், உங்கட மாமாட்டச் சொல்லி உடனே வாபஸ் வாங்க வைங்க. எழுத்தில. விளங்குதா? எழுத்தில."

'எழுத்தில' என்று அவர் இரண்டு தரம் சொன்னது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. அன்றைக்கு ஏனோ பஸ் ஏறும்போதே மறந்துவிட்டது.

மாமா மனம் உடைந்து போயிருந்தார். எனக்கு நன்மை செய்யப் போய்த் தீமை செய்துவிட்டோம் என்று காலையிலிருந்து சாப்பிடவில்லை என்றார் மாமி. கையைப் பிடித்துக்கொண்டு மாமா சொன்னார்:

"நான் வாபஸ் வாங்குறன் மருமகன். ஆனா அறிவிச்சதக் கடதாசில வாபஸ் வாங்கேலாது. மாடு அகத்தத் திகதி சொல்லிட்டு, மறுகா திகதி மாறினா நான் என்ன செய்ற? அதே ரோட்டால, அதே குரலால மூணு நாளைக்கு மாத்திச் சொல்ற. இல்லாட்டி ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

என் முட்டாள்தனத்தின் உச்சியை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இந்த வாதம் எனக்குச் சட்டப்படி மிகச் சரியாகப் பட்டது. கேட்டவர்கள் எல்லோருக்கும் மறுப்பும் போய்ச் சேர வேண்டும் அல்லவா? மேசையில் உட்கார்ந்து இரண்டே வரியில் ஒரு மறுப்பை எழுதிக் கொடுத்தேன். 'முன்னைய அறிவித்தலில் சட்டத்தரணியின் பெயர் அவரது அனுமதியின்றிச் சேர்க்கப்பட்டது. அது வாபஸ் பெறப்படுகிறது.' அவ்வளவுதான். மாமா அதை வாசித்துவிட்டு, "வடிவா இரிக்கி. கொஞ்சம் ஆக்களுக்கு விளங்குற மாதிரி ஆக்கிப் போடுறன்" என்றார். நான் தலையாட்டினேன்.

மறுநாள் புதன்கிழமை. கல்முனை நீதிமன்றத்தில், ஸ்டெல்லா மேடம் என்னிடம் ஒப்படைத்த ஒரு வேலித் தகராறு வழக்கில், வாழ்க்கையில் முதன்முறையாகக் குறுக்கு விசாரணை செய்ய எழும்பியிருந்தேன். இரவெல்லாம் கண்ணாடி முன் பயிற்சி எடுத்த கேள்வி, "வேலி போட்டது யார்?" என்பது. வாயைத் திறந்தேன். நீதிமன்றத்துக்கு வெளியே, ரோட்டோரத்து வாகை நிழலில், மஜீது காக்காவின் குரல் எழும்பியது.

"பொதுமக்களுக்கு அறியத் தருவதாவது. சட்டத்தரணி முனாஸ் அவர்கள் விளம்பரம் செய்பவர் அல்ல. அவர் கொழும்பில் படித்து முதல் தரத்தில் சித்தியடைந்தவர் என்பதை நாங்கள் சொல்லக் கூடாது. காணி வழக்கு, வேலி வழக்கு, மாட்டு வழக்கு, குடும்ப வழக்கு அனைத்தும் பேசுவார் என்பதையும் சொல்லக் கூடாது. நிந்தவூர், நீல நிறக் கேற் என்பதையும் சொல்லக் கூடாது. ஆகவே அவரைப் பற்றி நாங்கள் முன்னர் சொன்ன அனைத்தையும் பொதுமக்கள் மறந்துவிடுமாறு மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறோம்."

(முதல் தரம் என்பதும் பொய். இரண்டாவது முயற்சியில்தான் சித்தியடைந்தேன். அதை அவர்கள் சொல்லாமல் விட்டது மட்டும் விதிப்படி சரி.)

ஓட்டோ நகரும் என்று காத்திருந்தோம். நகரவில்லை. மஜீது காக்கா பதிவைத் திரும்பத் திரும்ப ஓடும்படி போட்டுவிட்டு, எதிர்க் கடையில் பிளேன்டீ குடிக்கப் போயிருந்தார். மறுப்பு யாருக்குப் போய்ச் சேர வேண்டுமோ அவர்கள் காதில் விழட்டும் என்று மாமாதான் அவரை அந்த இடத்தில் நிறுத்தச் சொல்லியிருந்தார். மூன்றாவது தடவை 'நீல நிறக் கேற்' வந்தபோது, நான் குறுக்கு விசாரணை செய்ய வேண்டிய எதிர்த்தரப்புச் சாட்சியே என்னைப் பார்த்துப் பரிவோடு புன்னகைத்தார்.

நீதவான் பேனாவைக் கீழே வைத்தார்.

"சட்டத்தரணி அவர்களே, வெளியில் சொல்லப்படுகிற முனாஸ் நீங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது. "ஆம், கனம் நீதவான் அவர்களே. ஆனால் அது விளம்பரம் அல்ல. விளம்பரம் இல்லை என்ற அறிவித்தல்" என்றேன். பின்வரிசையில் யாரோ இருமுவது போலச் சிரித்தார்கள். நீதிமன்றப் பொலிஸ்காரர் ஒருவரை வெளியே அனுப்பினார்கள். ஓட்டோவில் எதைத் திருகுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவர் கை வைத்த பிறகு, என்னைப் பற்றிச் சொல்லக் கூடாதவை எல்லாம் முன்னைவிட இரண்டு மடங்கு சத்தத்தில் பாண்டிருப்பு வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்றே நீதவானால் ஒரு குறிப்பு எழுதப்பட்டது. அது மேலே போனது. சில வாரங்களில் கொழும்பிலிருந்து பதிவுத் தபாலில் கடிதம் வந்தது. தபால்காரர் இந்த முறை என் பெயரைச் சரியாக வாசித்தார். நேரடியாகவும் உறவினர் மூலமாகவும் விளம்பரம் செய்து கட்சிக்காரர்களைத் திரட்டியதாக முறைப்பாடு. விளக்கத்தோடு விசாரணைக் குழு முன் தோன்ற வேண்டும். குற்றம் நிரூபிக்கப்பட்டால் தொழில் இடைநிறுத்தப்படலாம், சட்டத்தரணிகள் பட்டியலிலிருந்து பெயர் நீக்கப்படவும் கூடும்.

அதுவரை சிரிப்பாக இருந்தது அந்த வரியோடு நின்றுபோனது. என் வாப்பா கடைத் தெருவில் சைக்கிள் பழுதுபார்த்து என்னைப் படிப்பித்தவர். அந்தக் கறுப்புக் கோட்டு போனால் நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு இன்னொருவர் வீட்டில், இன்னொருவர் கேற்றுக்குள், வெறும் முனாஸாக எப்படி உட்கார்ந்திருப்பது? சிஃபாவிடம் இதைச் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

"நான் முடிச்சது உங்களத்தான், கோட்ட இல்ல" என்றாள். பிறகு சிவப்புப் பேனாவை மூடிவிட்டு, "ஆனா கோட்டு உங்களுக்கு வடிவு. போய் அதக் காப்பாத்திட்டு வாங்க" என்றாள்.

விசாரணைக்கு நான், எனக்காக வாதாட ஸ்டெல்லா மேடம், சாட்சியாக மாமா. மாமா வெள்ளைச் சேர்ட், வெள்ளைச் சாரம், தொப்பியோடு வந்தார். கையில் ஓலைப் பெட்டியில் இரண்டு சட்டி எருமைத் தயிர்.

"இது ஆருக்கு?" என்று ஸ்டெல்லா மேடம் கேட்டார்.

"விசாரிக்கிற ஐயாமாருக்கு. வெறுங்கையோட எப்பிடிப் போற மிஸ்?"

"இது உள்ள போனா முனாஸுக்கு ரெண்டாவது குற்றப்பத்திரிகை வரும்."

அந்தத் தயிரை நாங்கள் மூவரும் கட்டடத்துக்கு வெளியே ஒரு சீமெந்துத் திண்டில் உட்கார்ந்து, தேநீர்க் கடையில் கடன் வாங்கிய கரண்டியால் தின்று தீர்த்தோம். பயத்தில் நான் ஒரு சட்டியைத் தனியாக முடித்தேன். அங்கே வைத்து ஸ்டெல்லா மேடம் தன் திட்டத்தைச் சொன்னார். அறிவித்தல் போனது உண்மை, அதை மறுக்க முடியாது. ஆனால் நான் அதைச் செய்யச் சொல்லவில்லை, அதனால் எனக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை என்று காட்டினால் தப்பலாம்.

"உள்ளதச் சொல்லுங்க, போதும்" என்றார் மாமாவிடம். "மருமகனிட்ட கேஸே வாறல்ல. வந்த கேஸும் நல்லாப் போகல்ல. இதச் சொன்னாச் சரி."

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. எங்கள் பக்கத்தில் ஒரு மனிதர் தன் மகளின் மாப்பிள்ளையைப் பற்றி அடுத்தவர் முன் ஒரு சொல் குறைவாகச் சொல்ல மாட்டார். மாப்பிள்ளை அவித்த பிட்டில் உப்புக் கூடிவிட்டது என்றால், மாமனார் உப்பு நல்லது என்று இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிடுவார். அப்படி வளர்ந்தவரிடம் கொழும்பில், பதிவேட்டில், மருமகனை மட்டம் தட்டச் சொல்கிறோம்.

மூன்று சிரேஷ்ட சட்டத்தரணிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தலைவர் தவிர்ந்த இருவருக்குத் தமிழ் தெரியாது என்பதால், சிங்களத்தில் சொல்ல ஓர் உரைபெயர்ப்பாளர் அம்மாவும் இருந்தார். முதலில் அந்த 'ம்' விசாரிக்கப்பட்டது. விளைமீனின் முள் அமைப்புப் பற்றி நான் விரிவாகச் சாட்சியம் சொன்னேன். அடுத்து மாமா எழுந்தார். தலைவர் கேட்டார், "உங்கள் அறிவித்தலுக்குப் பிறகு எதிராளியிடம், அதாவது உங்கள் மருமகனிடம், எத்தனை கட்சிக்காரர்கள் வந்தார்கள்?"

மாமா நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஆக்களா? வந்த சனத்துக்கு அளவில்ல. கேற்றத் தொறந்து மூட ஏலாம எங்கட கை நோகுது."

ஸ்டெல்லா மேடம் கண்களை மூடினார். உரைபெயர்ப்பாளர் அம்மா அதைச் சிங்களத்தில் சொன்னார். மூன்று பேனாக்கள் ஒன்றாக எழுதின.

"கேஸெல்லாம் வெற்றிதானோ?" என்றார் தலைவர், மிக இனிமையாக.

"வெற்றிதான். இவரு எழும்பினா எதிர்ப்பக்கம் உக்காந்திரும்."

ஸ்டெல்லா மேடம் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை.

"விதானையார், அளவில்லாமல் வந்தவர்களில் ஒரே ஒருவருடைய பெயரைச் சொல்லுங்கள். நீங்கள் சத்தியம் செய்திருக்கிறீர்கள்."

மாமா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது, தலையை மெதுவாக ஆட்டினேன். சொல்லுங்க மாமா, பரவாயில்ல என்று. அவருடைய கண் நிறைந்துவிட்டது. ஒரு மனிதர் தன் மிகப் பெரிய பெருமையைத் தன் கையாலேயே இறக்கி வைப்பதை அன்று பார்த்தேன். தாழ்ந்த குரலில் தொடங்கினார்.

"ஒருத்தரும் வரல்ல ஐயா. அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்றன். ரெண்டு பேர் வந்த, அதுவும் அறிவித்தலுக்கு முந்தி. அதில ஒருத்தன் என்ட மச்சான். அவன்ட கேஸும் தோத்த."

உரைபெயர்ப்பாளர் அம்மா அதைச் சிங்களத்தில் சொன்னார். என் அவமானம் ஒவ்வொன்றையும் இரண்டு மொழிகளில் கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

"அறிவித்தலுக்குப் பிறகு ஒருவருமே கேற்றடிக்கு வரவில்லையா?"

"வந்த. ஒருத்தர் நீலப் பெயின்ட் எங்க வாங்கின எண்டு கேட்டு வந்த. ஒரு பொம்புள பல்லு டாக்டர்ர வீடு எது எண்டு கேட்டு வந்த. ரெண்டு பேர் சும்மா இவரப் பாக்க வந்த, சவுக்காரத்தோட ஓடின ஆள் இவரா எண்டு."

இதற்குள் மாமாவுக்குச் சூடு பிடித்துவிட்டது. மூன்று மாதமாக யாரிடமும் சொல்ல முடியாமல் மனதுக்குள் அடக்கி வைத்திருந்தது எல்லாம், அணை உடைத்த வாய்க்காலாக வரத் தொடங்கியது.

"ரெண்டாவதா வந்தவரு மாட்டுச் சொந்தக்காரரு ஐயா. அவர்ர மாட்ட ஒருத்தன் களவெடுத்த. மாடு பிடிபட்ட. களவெடுத்தவனும் பிடிபட்ட. மாடு எங்கட வளவுக்குள்ளதான் கட்டி இருந்த. அந்தக் கேஸையும் இவரு தோத்த. மாடு களவெடுத்தவனிட்டப் போன. அத எப்பிடித் தோக்கேலும் எண்டு நான் இண்டைக்கும் யோசிக்கிறன்."

(வழக்கிலக்கத்தை மாற்றி எழுதிவிட்டேன். ஒரே ஓர் இலக்கம்தான்.)

தலைவர் கோப்பினை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். கோப்பு நடுங்கியது. உரைபெயர்ப்பாளர் அம்மா 'தோற்றார்' என்பதற்குச் சிங்களச் சொல்லைத் தொடங்கி, முடிக்க முடியாமல் தண்ணீர் கேட்டார். "போதும் விதானையார்" என்று ஸ்டெல்லா மேடம் இரண்டு தரம் சொல்லியும் மாமா நிற்கவில்லை. பெயர்ப்பலகையின் அளவைப் பெருவிரலால் காட்டினார். தபால்காரரையும் மீட்டரையும் சொன்னார். என் நன்மைக்காக அவர் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு சொல்லும் என்னைக் காப்பாற்றியது, ஒவ்வொரு சொல்லும் என்னைக் குழிக்குள் இறக்கியது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்த மனிதரை அப்போது நேசித்த அளவுக்கு நான் அதுவரை யாரையும் நேசித்ததில்லை.

வெளியே வந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க மருமகன். உங்களப் பழுதாக் கதச்சிட்டன்."

"நீங்க உள்ளதத்தான் சொன்ன மாமா."

"ஓம்," என்றார் கவலையோடு. "அதான் எனக்குத் தாங்கேலாம இரிக்கி."

தீர்ப்பு தபாலில் வந்தது. பட்டியலில் பெயர் இருக்கும். கடும் எச்சரிக்கை மட்டும். அதில் ஒரு வரியைச் சிஃபா பெரிதாக்கிப் பிரதி எடுத்து, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். 'மேற்படி அறிவித்தல்களால் எதிராளிக்கு எவ்விதத் தொழில்சார் நன்மையும் கிடைத்ததாகத் தெரியவில்லை. அவரது தொழில் நிலை முன்னரும் பின்னரும் ஒரே மாதிரியே இருந்து வந்துள்ளது.' இன்றுவரை வீட்டில் எந்த வாதத்தில் நான் வெல்லப் பார்த்தாலும், அவள் பேசாமல் ஃபிரிட்ஜைக் காட்டுவாள்.

கடைசிப் பந்தியில் ஒரு கட்டளையும் இருந்தது. இனிமேல் உறவினர் எவரும் எந்த அறிவித்தலிலும் என் பெயரையோ தொழிலையோ வீட்டையோ குறிப்பிடக் கூடாது. மாமா அதை வட்டவிதானைக்கே உரிய கண்டிப்போடு நிறைவேற்றினார். மஜீது காக்காவுக்குக் கடும் உத்தரவு போனது. எங்கள் வீட்டுக்கு ஒரு மின்கம்பம் முன்னால் ஸ்பீக்கரை நிறுத்த வேண்டும், ஒரு மின்கம்பம் தாண்டித்தான் திறக்க வேண்டும். மாட்டு அறிவித்தலோ, தண்ணீர் அறிவித்தலோ, எதுவானாலும் இதே சட்டம். அன்றிலிருந்து ஒவ்வொரு போகத்திலும், 'சகல மாட்டுச் சொந்தக்காரர்களுக்கும்' என்று கத்திக்கொண்டு வருகிற ஓட்டோ, எங்கள் கேற்றடியில் மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மரியாதையாக ஊர்ந்து போய், அப்பால் போனதும் 'அறியத் தருவதாவது' என்று மீண்டும் வெடிக்கும்.

காலம் போகப் போக எனக்கும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நான் திறமை வளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாதம் பாண்டிருப்பிலிருந்து ஓர் ஐயா, காணி உறுதிப் பத்திரம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். இவ்வளவு சிறிய பெயர்ப்பலகையை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன்.

"பலகைய ஆர் பாத்த தம்பி? கல்முனையில விசாரிச்சன். நிந்தவூருக்குப் போங்க, ஸ்பீக்கர் வாய மூடுற இடம்தான் லோயர்ர வீடு எண்டு சொன்னாங்க."

உடனே ஸ்டெல்லா மேடத்துக்கு அழைப்பு எடுத்து, இது விளம்பரமாகுமா என்று கேட்டேன். வழக்கம்போல முதலில் ஐயா வந்த திகதியைக் கேட்டார்.

"விதியில சத்தம் போடாம இருக்கிறதப் பத்தி ஒண்டும் இல்ல முனாஸ்," என்றார் கடைசியில். "நீங்களும் சத்தம் போடாம இருங்க."

நேற்று விதைப்புக்கு முந்திய அறிவித்தல் போனது. நான் முன் அறையில் ஐயாவின் உறுதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். மஜீது காக்காவின் குரல் கிட்டக் கிட்ட வந்து, கேற்றடியில் சட்டென்று நின்றது. எஞ்சின் மட்டும் இரைந்தது. வெளியே கதிரையில் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளேயிருந்து என் நாலு வயது மகள் சத்தமாகச் சொன்னாள்:

"வாப்பா, உங்கட விளம்பரம் போகுது."